பாலக்காட்டில் நல்ல காபி: புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும், 2015இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி.க்கும், ஒலவக்கோட்டில் இருக்கும் ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கும், வங்கிக் கிளைகளுக்கும் மாற்றலாகி வாளையாறு தாண்டி வருகிற தமிழ்க் குடும்பங்கள் எப்போதும் உண்டு. வீடு பார்த்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, கேஸ் இணைப்பும் வந்தபின் அவர்கள் கேட்பது பெரும்பாலும் காபியைப் பற்றித்தான். காபி என்றால் இங்கே டிகாக்ஷன் இறக்கிப் பாலில் கலக்கும் காபி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

பாலக்காட்டில் ஃபில்டர் காபியே கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. கல்பாத்தி, நூரணி போன்ற அக்ரஹாரங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றன. கிழக்கே சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் போனால் தெருப் பேச்சே தமிழ்தான். இத்தனை தமிழ் வீடுகள் இருக்கும் ஊரில் காபி இல்லாமல் போகாது.

ஆனால் கோவையைப் போல மூலைக்கு மூலை கிடைக்காது. கேரளத்தின் தெருக்கடை சாயாவுக்காக ஏற்பட்டது. கொதிக்கும் சமோவர், துணி வடிகட்டி, உயரத் தூக்கி ஆற்றும் கை என்று அங்கே எல்லா வசதியும் தேயிலைக்கே. நாள் முழுக்கப் பத்துப் பேர் கேட்கும் காபிக்காக டிகாக்ஷன் இறக்கி வைத்தால் அந்தக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் உடனடிக் காபித்தூளைச் சூடான பாலில் போட்டு ஆற்றித் தருகிறார். அதற்காக அவரைக் குறை சொல்வது நியாயமல்ல. அவருடைய சாயா நன்றாக இருக்கும், அங்கே அதைக் குடியுங்கள். உட்காருவதற்கு முன்பே, "சேட்டா, ஃபில்டர் காப்பி உண்டோ?" என்று கேட்டுவிட்டால் ஏமாற்றம் இல்லை. கொஞ்சம் திடமாக வேண்டுமென்றால் "கடுப்பத்தில்" என்று சொல்லுங்கள். சர்க்கரை வேண்டாமென்றால் "வித்தவுட்" என்ற ஒரு சொல் போதும்.

தேடலை எங்கே தொடங்குவது?

ஓட்டலில் தொடங்காதீர்கள். காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையை முதலில் கண்டுபிடியுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். ஓட்டல் காபி மாஸ்டர் மாறினால் மாறிவிடும். நல்ல பொடிக்கடை ஒன்று கைவசம் இருந்தால் உங்கள் வீட்டுக் காபி எந்த ஊரிலும் கெடாது. ஊரில் எந்த ஓட்டல் நல்ல பொடி வாங்குகிறது, எது மலிவான பொடிக்கு இறங்கிவிட்டது என்பதும் அந்தக் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

கடையை விசாரிக்க வேண்டிய இடம் அக்கம்பக்கம். கல்பாத்தியிலோ நூரணியிலோ வீடு என்றால் எதிர்வீட்டு மாமியிடம், "மாமி, காபிப்பொடி எங்கே அரைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கடையின் பெயர், எந்தக் கொட்டை, சிக்கரி எவ்வளவு, என்றைக்கு வறுப்பார்கள் என்பது வரை பதில் வரும். பல வீடுகளில் ஒரு டம்ளர் காபியும் சேர்ந்து வரும். அதைக் குடித்துப் பார்த்தே அந்தக் கடைக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானித்துவிடலாம்.

கடைக்குப் போனதும் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் கொட்டையைப் பாருங்கள். ஒரே சீரான பழுப்பாக இருந்தால் வறுவல் நிதானமாக நடந்திருக்கிறது. பாதி கருகலும் பாதி வெளிறலுமாகக் கலந்து கிடந்தால் வேண்டாம். எண்ணெய் கசிந்து பளபளவென்று மின்னினால் ஒன்று மிகவும் கறுக்க வறுத்திருக்கிறார்கள், அல்லது வறுத்து நாளாகிவிட்டது. பிறகு, "எப்போது வறுத்தது?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் நாளைச் சொல்வார். "எல்லாம் புதுசுதான்" என்று பொதுவாகச் சொல்பவரிடம் 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள்.

அரைப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் அவசியம். கொட்டையை மேலே கொட்டியதும் எந்திரம் ஒரு உறுமல் உறுமும். கீழே மூக்கில் செருகிய உறையில் பொடி விழும். கடைசியில் அவர் மூக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஒட்டியதையும் இறக்கித் தருவார். உறையைக் கையில் வாங்கும்போது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சிக்கரி தனி டப்பாவிலிருந்து உங்கள் கண்ணெதிரே நிறுத்துச் சேர்க்கப்பட வேண்டும். முன்னால் வந்தவர் நிறையச் சிக்கரி கலந்து அரைத்திருந்தால், உங்கள் பொடியின் முதல் பிடியில் அதுவும் வரும். ஒரு பிடிக் கொட்டையை ஓடவிட்டுத் தள்ளச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

பீபெரி, பிளாண்டேஷன் ஏ, செர்ரி, ரோபஸ்டா என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். எதை வாங்குவது?

முதல் பிரிவு செடியைப் பொறுத்தது: அரபிகா, ரோபஸ்டா. அரபிகாவில் மணமும் மெல்லிய புளிப்பும் அதிகம். ரோபஸ்டாவில் கசப்பும் திடமும் அதிகம், கஃபீனும் ஏறத்தாழ இரு மடங்கு. அடுத்தது பதப்படுத்தும் முறை. பழத்தின் தோலை நீக்கிக் கழுவி உலர்த்திய அரபிகாவைப் பிளாண்டேஷன் என்றும், அப்படியே கழுவிய ரோபஸ்டாவைப் பார்ச்மென்ட் என்றும் சொல்வார்கள். பழத்தோடு வெயிலில் உலர்த்தியது செர்ரி. பிளாண்டேஷனுக்குப் பின்னால் வரும் ஏ, பி, சி என்பவை கொட்டையின் அளவைக் குறிப்பவை. பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் முகம் பார்த்து இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டுமே உருண்டையாக விளையும், அதுதான் பீபெரி.

பீபெரிதான் உயர்ந்தது என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. வறுவல் சரியாக இருந்தால் பிளாண்டேஷன் ஏ அதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஒரே கொட்டை வேண்டுமென்றால் பிளாண்டேஷன் ஏ வாங்குங்கள். கலவையாக வேண்டுமென்றால் பிளாண்டேஷன் முக்கால் பங்கு, பார்ச்மென்ட் கால் பங்கு. பாலில் கலக்கும்போது ரோபஸ்டாவின் அந்தக் கால் பங்கு காபிக்கு முதுகெலும்பு கொடுக்கும், நுரையும் நன்றாக நிற்கும்.

சிக்கரி சேர்க்கலாமா? எவ்வளவு?

சேர்க்கலாம். சிக்கரி ஒரு செடியின் வேர். உலர்த்தி, வறுத்து, பொடித்துச் சேர்க்கிறார்கள். கஃபீன் கிடையாது. டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் ஓர் இனிப்புக் கசப்பும் தரும். 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் போதும் என்பது என் அபிப்பிராயம். 30ஐத் தாண்டினால் காபியின் மணம் அடங்கிவிடுகிறது.

பாக்கெட் வாங்குபவர்கள் உறையின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுச் சிறிய எழுத்தைப் படியுங்கள். காபி-சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த 51ஐ மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும் பொடிகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. மிகக் கறுப்பாக, உடனே இறங்கி, விலையும் மலிவாக இருக்கும் டிகாக்ஷனில் பாதி வேர்தான்.

நெல்லியாம்பதி பக்கத்தில்தானே இருக்கிறது? அங்கேயே வாங்கலாமா?

வாங்கலாம், ஆசையாகவும் வாங்கலாம். நென்மாரா வழியாகப் போத்துண்டி அணையைத் தாண்டி மேலே ஏறினால் பாலக்காட்டிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தேயிலை, ஏலம், ஆரஞ்சு ஆகியவற்றோடு காபித் தோட்டங்களும் அங்கே உண்டு. மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து சில நாட்களில் செடி முழுக்க வெள்ளைப் பூ பூக்கும். மல்லிகையை நினைவூட்டும் அந்த மணத்தை ஒரு முறையாவது அனுபவித்துவிடுங்கள். அரபிகாப் பழம் நவம்பர் வாக்கில் பறிப்புக்கு வரும், ரோபஸ்டா அதற்குப் பின்.

ஆனால் மலையில் விற்பதெல்லாம் அந்த மலையின் காபி என்று நினைக்க வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்காக அடுக்கிவைத்திருக்கும் பொடிப் பாக்கெட்டில் அரைத்த தேதியைத் தேடுங்கள். தேதி இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். கொட்டையாகக் கிடைத்தால் வாங்கி வந்து, ஊரில் உங்கள் பொடிக்கடையில் அரைத்துக்கொள்ளுங்கள்.

கேரளக் காபியின் பெரும்பகுதி வயநாட்டில் விளைகிறது, அதுவும் ரோபஸ்டா. வயநாடு ரோபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களின் அரபிகாக்களும் அந்தக் குறியீட்டைப் பெற்றன. பார்ச்மென்ட் வாங்கும்போது வயநாட்டுக் கொட்டையா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஊரில் வாங்கிய அதே பொடி, அதே ஃபில்டர், அதே கை. இங்கே காபி மட்டும் ஏன் சப்பென்று இருக்கிறது?

எனக்கு வரும் கேள்விகளில் மிக நல்ல கேள்வி இது. தண்ணீர் மாறிவிட்டது. டிகாக்ஷனில் பெரும்பங்கு தண்ணீர்தான், ஆனால் பொடியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் அதை யோசிப்பதில்லை.

கோவையிலிருந்து வருபவர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த நாக்கு அவர்களுடையது. அந்தச் சிறுவாணி அணை இருப்பதே பாலக்காடு மாவட்டத்தில்தான். தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கோவைக்குப் போகிறது. பாலக்காடு நகருக்குக் குடிநீர் மலம்புழா அணையிலிருந்து வருகிறது. அதுவும் நல்ல தண்ணீர், குழாயில் வந்தால் தைரியமாக ஃபில்டருக்கு எடுங்கள். சில நாட்களில் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும். முந்தின இரவே அகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்துவைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும்.

சிக்கல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிறது. நகரின் புறத்தே புதிதாக எழும் குடியிருப்புகளில் பல போர் தண்ணீரை நம்பியவை. கிழக்கே சித்தூர் வட்டத்தின் வறண்ட பஞ்சாயத்துகளில் நிலத்தடி நீர் கடினமானது, சில இடங்களில் ஃபுளோரைடும் கூடுதல். கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், காபியின் இயல்பான புளிப்பை அடக்கிவிடுகிறது. அந்தப் புளிப்பு போனால் சுவையின் துடிப்பும் போய், மண் போன்ற ஒரு கசப்பு மட்டும் மிஞ்சும். தண்ணீர் சுடவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் காரணம் அதுதான்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரே பொடியை ஒரே அளவில் இரண்டு ஃபில்டர்களில் போட்டு, ஒன்றில் வீட்டுத் தண்ணீரும் மற்றதில் மலம்புழாக் குழாய்த் தண்ணீரும் ஊற்றுங்கள். பால் சேர்க்காமல் ஒவ்வொரு கரண்டி டிகாக்ஷனைச் சுவைத்தால் வித்தியாசம் நாக்கிலேயே தெரிந்துவிடும்.

ஆர்.ஓ. எந்திரம் வைத்திருப்பவர்களுக்கு நேர்மாறான தொல்லை உண்டு. உப்புகளை முழுக்க உறிஞ்சிய தண்ணீரும் காபிக்கு ஆகாது, டிகாக்ஷன் உயிரில்லாமல் இறங்கும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. காபிக்கு 150ஐ ஒட்டி இருந்தால் மிக நன்று. எந்திரத்தில் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால், பராமரிப்புக்கு வருபவரிடம் சொல்லி அந்த அளவில் வைக்கச் சொல்லுங்கள்.

பால் எப்படி?

பாலக்காட்டில் பாலுக்குப் பஞ்சமில்லை. சித்தூர்ப் பக்கம் மாடு வளர்க்கும் வீடுகள் ஏராளம், ஊருக்கு ஊர் பால் சங்கம் இருக்கிறது. காலையில் சங்கத்துக்குப் பால் வரும் நேரத்தில் போனால் பல இடங்களில் நேரடியாகவே ஊற்றித் தருவார்கள். காபிக்கு அதைவிடச் சிறந்த பால் கிடையாது.

பாக்கெட் என்றால் நிறத்தை நம்பாமல் கொழுப்பு அளவைப் பாருங்கள். டோன்டு பாலில் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் கிரீமில் 6. காபிக்கு 4.5 பொருத்தம். 6 இருந்தால் பாலின் ருசி மேலோங்கும், 3 என்றால் டிகாக்ஷனைக் கூட்டினாலும் நீர்த்தே இருக்கும். பால் ஒரு முறை பொங்கியதும் கலந்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலை வரை திரும்பத் திரும்பச் சுடவைத்தால் ஏடும் போகும், காய்ச்சல் வாடையும் வரும்.

ஓட்டலில் குடிப்பதென்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையே போங்கள். முதல் டிகாக்ஷன் இருக்கும் நேரம் அது. அந்த நேரத்திலும் காபி நன்றாக இல்லையென்றால் அந்த ஓட்டலை மறந்துவிடலாம். பதினொரு மணிக்குப் போய்ச் சோதிப்பது ஓட்டலுக்கு நியாயம் செய்வதாகாது, பல இடங்களில் அப்போது இரண்டாம் டிகாக்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்.

காபி மேடை கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். டிகாக்ஷன் பாத்திரம் மூடியிருக்கிறதா, அடுப்பின் மேலேயே கிடந்து கொதிக்கிறதா? கொதித்த டிகாக்ஷன் கடுத்துவிடும், எத்தனை சர்க்கரை போட்டாலும் மறையாது. கூட்டமில்லாத நேரத்திலும் ஒருவர் டபராவையும் டம்ளரையும் வெந்நீரில் அலசிவிட்டு ஊற்றுகிறார் என்றால் அந்த இடத்தில் அக்கறை இருக்கிறது.

இந்தியன் காபி ஹவுஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். காபி போர்டு நடத்திவந்த கடைகள் மூடப்பட்டு வேலை இழந்தவர்களைச் சேர்த்து, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் முயற்சியால் தொழிலாளர் கூட்டுறவுகள் உருவாயின. கேரளத்தின் முதல் கடை 1958இல் திருச்சூரில் திறந்தது. பாலக்காட்டிலும் கிளை இருக்கிறது. அங்கே வருவது நம் டபரா காபி அல்ல, கோப்பையில் வரும் சற்று இளகலான காபி. அதை அதற்கென்று உள்ள சுவையோடு குடிக்க வேண்டும். பீட்ரூட் கட்லெட்டோடு நன்றாகவே சேரும்.

நவம்பரில் கல்பாத்தித் தேர் நடக்கும் நாட்களில் அந்தத் தெருக்களுக்குப் போய்விடுங்கள். ஊரே விருந்தாளியாகும் நாட்கள் அவை, தெரிந்த வீடு ஒன்று இருந்தால் காபி தேடி அலைய வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் பொடி கட்டிபட்டுவிடுகிறதே?

ஜூனிலிருந்து காற்றில் ஈரம் ஏறிவிடுகிறது. மாதத்துக்கு அரைக் கிலோ வாங்கும் பழக்கத்தைக் கைவிட்டு, வாரம் 100, 150 கிராமாக வாங்குங்கள். இறுக மூடும் எவர்சில்வர் டப்பா, ஈரமில்லாத கரண்டி, அடுப்பிலிருந்து எட்டிய இடம். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் நீர் கோத்துக்கொள்ளும். கையால் சுற்றும் அரைவை எந்திரம் வாங்க முடிந்தால் கொட்டையாகவே வைத்துக்கொள்ளலாம். கொட்டையில் மணம் இரண்டு மூன்று வாரம் தாங்கும், பொடியில் ஒரு வாரத்திலேயே இறங்கத் தொடங்கும்.

ஃபில்டர் போடுவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு பேருக்கு 20 கிராம் பொடி, ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் தண்ணீர். பொடியைத் தட்டால் லேசாகச் சமன் செய்தால் போதும், அழுத்தினால் இறங்காது. கொதி வந்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு, முதலில் பொடி நனையுமளவு ஊற்றி, அது உப்பி அடங்கியபின் மீதியை ஊற்றுங்கள். கால் மணி முதல் இருபது நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். இரண்டே நிமிடத்தில் இறங்கினால் அரைவை பருமன், மணிக்கணக்கில் நின்றால் மிக நைசு. அடுத்த முறை பொடிக்கடையில் இதைச் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

பித்தளை ஃபில்டர் வைத்திருப்பவர்கள் உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தேய்ந்திருந்தால் பூசாமல் பயன்படுத்தக் கூடாது.

பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன், அடுப்புக்கு அனுமதி இல்லை. என்ன செய்வது?

மின்கெட்டிலில் தண்ணீர் கொதித்தால் ஃபில்டர் இறங்கும். பால் கிடைக்காத நாட்களில் டிகாக்ஷனில் வெந்நீரும் வெல்லமும் சேர்த்துக் கட்டன் காப்பியாகக் குடியுங்கள். இந்த ஊரின் மழை மாலைகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். அதற்குச் சிக்கரி இல்லாத பொடியே சரி.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு எடுத்திருக்கிறோம். பொடிக்குப் பாலக்காடு வரை வர வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்குப் பொள்ளாச்சிச் சந்தை கைக்கெட்டும் தூரம், கோபாலபுரம் வழியாகப் பஸ் இருக்கிறது. பொள்ளாச்சியில் வறுத்து அரைக்கும் கடைகள் உண்டு. காய்கறி வாங்கப் போகும் நாளிலேயே வாரப் பொடியையும் வாங்கிக்கொள்ளலாம். வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்களுக்குக் கோவையும் எளிது. உங்கள் பகுதியில் பால் அருமையாகக் கிடைக்கும், பொடிக்கும் கவலை இல்லை. தண்ணீருக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்: பஞ்சாயத்துக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்துவைத்து, அதைக் காபிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.